எதிர் வண்டிக்காக நின்ற இடம்

என் வீட்டில் இன்னும் ஹவுஸ் போன் இருக்கிறது. ஃபேரர் பார்க்கில் எங்கள் புளோக்கிலேயே அநேகமாக என் வீட்டில் மட்டும்தான் இருக்கும். ஜாலான் புசாரில் நான் வேலை பார்க்கும் பூட்டு, கீல் கடையில் கூட இருக்கும் பெண் மாதம் ஒரு தடவையாவது கேட்டுவிடுவாள். "யாரு அக்கா இப்பல்லாம் ஹவுஸ் போன் வெச்சிருக்கா? கட் பண்ணிடுங்க லா." நானும் "பண்ணணும், பண்ணணும்" என்று சொல்லிவிட்டு வேறு பேச்சுக்குப் போய்விடுவேன்.

அந்த போன் வருஷத்துக்கு ஒரே ஒரு தடவைதான் அடிக்கும். நோன்புப் பெருநாள் காலையில், ஆண்கள் பள்ளியில் தொழுதுவிட்டு வந்து பசியாற உட்காரும் நேரத்தில். எடுத்தால் அந்தப் பக்கம் யாரும் பேசமாட்டார்கள். மூச்சு மட்டும் கேட்கும்.

அது என் அக்கா. எனக்குப் பத்து வயது மூத்தவள். அம்மா மவுத்தானபோது எனக்கு நான்கு வயது. அதற்குப் பிறகு எனக்குத் தலை வாரியது, சோறு ஊட்டியது, பள்ளிக்கூடத்தில் போய்ச் சண்டை போட்டது எல்லாம் அவள்தான். அவளிடம் நான் சொல்ல வேண்டிய ஒரு வார்த்தை வெகுகாலமாக என் தொண்டையில் கிடக்கிறது. அதைச் சொல்ல வேண்டுமானால் முதலில் ஸ்டேஷனைப் பற்றிச் சொல்ல வேண்டும்.

தஞ்சோங் பகார் ரயில்வே ஸ்டேஷன் இப்போது வேலிக்குள் இருக்கிறது. அதன் முதுகுக்குக் கீழே எம்ஆர்டி பாதாள ரயிலுக்காகத் தோண்டினார்கள். நான் சிறுமியாக இருந்த காலத்தில் அதற்கு இரண்டு தெரு தள்ளி எங்கள் வீடு. வெள்ளைக்காரன் காலத்துக் கட்டடம். முகப்பில் ஆள் உயரத்தைவிடப் பெரிய நான்கு வெள்ளைக்கல் உருவங்கள், தூணோடு தூணாக நிற்கும். அவற்றுக்குக் கீழே நடக்கும்போது நான் அக்காவின் கையைப் பிடித்துக்கொள்வேன். மேலே பார்த்தால் அதுகளும் நம்மைப் பார்க்கும் என்று ஒரு பயம். அக்கா வேண்டுமென்றே அங்கே நின்று செருப்பு வாரைச் சரி செய்வாள்.

அத்தாவுக்கு, அதாவது என் தகப்பனாருக்கு, ஸ்டேஷன் கேன்டீனில் வேலை. காலை வண்டிக்குப் பராட்டா போடுவார், தேத்தண்ணி ஆற்றுவார். ஸ்டேஷன் அவருடைய சொத்து போலத்தான் பேசுவார். அதுவும் ஒரு விசித்திரமான சொத்து. கட்டடமும் தண்டவாளமும் பக்கத்து நாடான மலேசியாவின் ரயில்வேக்குச் சொந்தம், சுற்றி இருந்ததெல்லாம் நம்முடையது. "கூரை அவங்களோடது, கூரை மேல பெய்யிற மழை நம்மளோடது" என்பார். மழை ஒழுகினால் யாரும் வந்து பார்க்காததற்கு அவர் கண்டுபிடித்த காரணம் அது.

இதைவிட விசித்திரம் ஒன்று பிற்பாடு வந்தது. நம்முடைய குடிநுழைவுக் கவுண்டரை வடக்கு எல்லையில் இருக்கும் உட்லண்ட்ஸுக்குக் கொண்டுபோய்விட்டார்கள். மலேசியாவின் கவுண்டர் மட்டும் தஞ்சோங் பகாரிலேயே தங்கிவிட்டது. ஆகவே வண்டி ஏறுகிறவர்கள் முதலில் மலேசியாவுக்குள் நுழைந்துவிடுவார்கள். அதற்குப் பிறகு முக்கால் மணி நேரம் சிங்கப்பூருக்குள்ளேயே பயணம் செய்து, உட்லண்ட்ஸில் போய்த்தான் சிங்கப்பூரை விட்டு வெளியேறுவார்கள். இடைப்பட்ட அந்த நேரத்தில் ஓர் ஆள் எந்த நாட்டில் இருக்கிறார் என்று யாரைக் கேட்டாலும் சிரித்து மழுப்புவார்கள். அத்தாவுக்கு அந்தக் குழப்பமே கிடையாது. "கவுண்டரைத் தாண்டிட்டா மலேசியா. முடிஞ்சுது கதை" என்பார். அந்த வாக்கியத்தை அவர் வாயால் ஆயிரம் முறை கேட்டிருப்பேன்.

அக்காவை மலேசியாவில், ஈப்போவில் கட்டிக் கொடுத்திருந்தது. மாப்பிள்ளை நல்ல குடும்பம் என்றார்கள். நல்ல குடும்பம்தான், அவன்தான் நல்லவன் இல்லை. ஒன்றரை வருஷத்தில் மூன்று தடவை அவள் ஓடி வந்தாள். மூன்றாவது தடவை வந்தபோது முழங்கைக்குக் கீழே இஸ்திரிப் பெட்டியின் முனை பதிந்த தழும்பு இருந்தது. அத்தா அதைப் பார்த்தார். பார்த்துவிட்டு, "பொண்ணுன்னா புருஷன் வீட்டுலதான்மா இருக்கணும். ஊர் வாயை மூட உலைமூடி இருக்கா?" என்றார். என் அத்தா கெட்டவர் இல்லை. ஆனால் அன்றைக்கு அவர் சொன்னது கெட்ட வார்த்தை. இத்தனை வருஷம் கழித்தும் அதை வேறு மாதிரி எழுத எனக்கு மனசு வரவில்லை.

அவளைத் திருப்பி அனுப்ப நாள் குறித்தார். அதற்கு முதல் நாள் சாயந்திரம் அக்கா எனக்குத் தலை வாரிக்கொண்டே கேட்டாள்.

"நீ அத்தாகூட ஜொகூருக்குப் போனியே, வண்டி வழியில எங்கயாச்சும் நின்னுச்சா?"

எனக்குப் பதினாறு வயது. தெரிந்ததைச் சொல்வதில் அந்த வயதுக்கு ஒரு பெருமை. "புக்கிட் தீமாவுல நிக்கும். ஒத்தைத் தண்டவாளம்தானே, எதிர் வண்டி போறதுக்கு வழி விடணும்" என்றேன்.

உட்லண்ட்ஸுக்கு முன்னாலேயே வரும் அந்தச் சின்ன ஸ்டேஷனில் பார்த்ததையும் சொன்னேன். பெரிய இரும்பு வளையம் ஒன்று, அதில் தோல் பை. ஒற்றைப் பாதையில் அந்த வளையம் யார் கையில் இருக்கிறதோ அந்த வண்டிதான் போகலாம். எதிர் வண்டி வந்து வளையத்தைக் கொடுக்கிறவரை இந்த வண்டி நின்ற இடத்திலேயே நிற்கும். பயணிகள் யாரும் அங்கே ஏறுவதில்லை, இறங்குவதில்லை. வேலைக்காரர் ஒருவர் பிளாட்பாரத்தில் வளையத்தைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு நிற்பார்.

அக்கா பின்னலை முடித்து ரிப்பன் கட்டினாள். பிறகு என் தோளை அழுத்திப் பிடித்துக்கொண்டு சொன்னாள். "நான் அங்க இறங்கிடப் போறேன். இப்ப யார்கிட்டயும் சொல்லாதே. அவன் என்னைத் தலாக் சொல்லி விட்டான்னு தெரிஞ்சதும் அத்தாகிட்ட சொல்லு. அதுவரைக்கும் வாயைத் திறக்காதே."

மறுநாள் காலை அத்தா அவளுக்குத் தே போட்டுக் கொடுத்தார். மூன்று கரண்டி சீனி. அக்கா அப்படித்தான் குடிப்பாள், கோப்பையின் அடியில் கரையாத சீனியை விரலால் வழித்துச் சாப்பிடுவாள். கேன்டீனுக்கு எதிரிலேயே கவுண்டர். அவள் குடிநுழைவு அட்டையைக் கொடுத்தாள், வாங்கினாள், உள்ளே போனாள், திரும்பிப் பார்த்தாள். அத்தா தோளில் கிடந்த துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, "போய்ட்டா" என்றார்.

அன்று இரவு ஈப்போவிலிருந்து போன் வந்தது. பெண் வந்து சேரவில்லை.

அத்தா தேடத் தொடங்கினார். எங்கே? மலேசியாவில். அவர் கண் முன்னால்தானே கவுண்டரைத் தாண்டினாள். குளுவாங், சிகாமட், சிரம்பான், தாப்பா ரோட் என்று விடுமுறை கிடைத்தபோதெல்லாம் வண்டி ஏறினார். ஒவ்வொரு ஊரிலும் பள்ளிவாசலில் போய்ப் படத்தைக் காட்டினார். இங்கே போலீஸில் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால், அவள் உட்லண்ட்ஸைத் தாண்டவே இல்லை என்று ஒரே நாளில் தெரிந்திருக்கும். சொல்லவில்லை. போலீஸ் ஸ்டேஷனில் குடும்பப் பெண்ணின் பேரா என்று பயந்தார். ஜொகூருக்குப் போகும் ஒவ்வொரு முறையும் அவருடைய வண்டியே புக்கிட் தீமாவில் நின்றது. அவர் ஜன்னல் வழியாக அந்த வளையத்தைப் பார்த்துக்கொண்டு வடக்கே போனார். கையில் வெண்ணெயை வைத்துக்கொண்டு நெய்க்கு அலைந்த கதை.

நான் சொல்லவில்லை. முதலில் அக்காவுக்குக் கொடுத்த வாக்கு. இரண்டு வருஷத்தில் ஈப்போக்காரன் தலாக் சொல்லிவிட்டு வேறு கல்யாணம் செய்துகொண்டான். அன்றைக்கே நான் சொல்லியிருக்க வேண்டும். ஆனால் அந்த இரண்டு வருஷத்தில் அத்தா பாதி ஆளாகியிருந்தார். 'தெரிஞ்சுகிட்டே என்னை அலைய விட்டியா' என்று கேட்டால் என்ன பதில் சொல்வேன்? இரண்டு வருஷம் மூன்றானது, மூன்று ஐந்தானது. எவ்வளவு தள்ளிப் போட்டேனோ அவ்வளவு சொல்ல முடியாமல் போனது. பயந்துவிட்டேன், அவ்வளவுதான். அதற்கு அழகான பெயர் எதுவும் இல்லை.

போன் வரத் தொடங்கியது அவள் போன அடுத்த பெருநாளில். அத்தாதான் எடுத்தார். பேச்சில்லை. "யாரு? எங்கம்மா இருக்க?" என்று கத்தினார். கட் ஆகிவிட்டது. அடுத்த வருஷம் கத்தாமல் காதோடு வைத்துக் கேட்டார். கேட்டுக்கொண்டே என்னைக் கையசைத்துக் கூப்பிட்டார்.

"ரயில் சத்தம் கேக்குது."

நான் காதை வைத்தேன். நீளமாக ஒரு ஹாரன். அதைத் தொடர்ந்து இரும்புப் பாலத்தின் மேல் வண்டி போகும் தடதடப்பு. சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தேன். காலை வண்டி தஞ்சோங் பகாரை விட்டு அரை மணி நேரம் ஆகவில்லை. புக்கிட் தீமா ஸ்டேஷனை ஒட்டி ஒரு கறுப்பு இரும்புப் பாலம் உண்டு.

"பாலம் இருக்குற ஊரு" என்றார் அத்தா. அதற்குப் பிறகு அவர் மலேசியாவில் ஸ்டேஷனுக்குப் பக்கத்தில் பாலம் இருக்கும் ஊர்களாகப் பார்த்துத் தேடினார். ஒரு பழைய காலண்டரின் பின்பக்கத்தில் எழுதி வைத்துக்கொண்டு ஒவ்வொன்றாக அடித்தார். எனக்கு அந்தக் காலண்டரைப் பார்க்கவே பயமாக இருக்கும். ஒவ்வொரு பெருநாளும் அந்த ஹாரனும் பாலமும் எங்கள் வீட்டுக்குள் வந்து போயின. நெய்ச்சோறு ஆறிக்கொண்டிருக்கும். நாங்கள் இருவரும் ஒரு ரிசீவரில் தலையை ஒட்டிக்கொண்டு நிற்போம்.

இடையில் தஞ்சோங் பகாரிலிருந்து ஃபேரர் பார்க்குக்கு வீடு மாறினோம். போன் நம்பரை மட்டும் மாற்ற அத்தா விடவில்லை. எனக்கு வந்த வரன்களையும் நான் தட்டிக் கழித்தேன். இந்த வீட்டை விட்டு நான் போனால் போனை யார் எடுப்பது?

2011 ஜூன் கடைசி நாள் இரவோடு ஸ்டேஷனை மூடினார்கள். கடைசி வாரம் முழுக்க ஊரே கேமராவோடு வந்து நின்றது. பிறந்ததிலிருந்து ரயிலில் கால் வைக்காதவர்கள் எல்லாம் தண்டவாளத்தில் உட்கார்ந்து படம் எடுத்துக்கொண்டார்கள். "இத்தனை வருஷமா எங்கடா இருந்தீங்க?" என்று அத்தா அவர்களுக்குத் தேத்தண்ணி ஆற்றிக்கொண்டே முணுமுணுத்தார். மறுநாள் அவருக்குப் போக ஓர் இடம் இல்லை.

இரண்டு மாதம் கழித்து நோன்புப் பெருநாள். போன் அடித்தது. அத்தா எடுத்தார். மூச்சு. வழக்கம்போல அவர் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு காத்திருந்தார். மூச்சுக்குப் பின்னால் ஒரு குருவி கத்தியது. தூரத்தில் ஒரு மோட்டார் சைக்கிள் போனது. வேறு ஒன்றுமே இல்லை. அப்படி ஒரு அமைதியை அந்த போனில் நாங்கள் கேட்டதே கிடையாது.

"ரயில் வரல" என்றார்.

"லேட்டா இருக்கும் அத்தா" என்றேன். என் குரல் எனக்கே வேறு யாருடையதோ போலக் கேட்டது.

அவர் மெதுவாக என் பக்கம் திரும்பினார். "மலேசியாவுல ரயில் ஓடிக்கிட்டுத்தானேமா இருக்கு. நம்ம ஊர்லதானே நிறுத்துனாங்க."

ரிசீவர் அவர் கையிலிருந்து நழுவி, சுருள் வயரில் தொங்கி ஆடியது. யாரும் அதை எடுத்து வைக்கவில்லை. அதில் மூச்சு இன்னும் கேட்டுக்கொண்டிருந்தது.

அடுத்த நாளே நடக்கத் தொடங்கிவிட்டார். தண்டவாளத்தைப் பெயர்த்துக்கொண்டிருந்தார்கள். பெயர்த்த இடத்தில் ஜனங்கள் நடந்து போனார்கள். அத்தா தஞ்சோங் பகார் முனையிலிருந்து நடந்தார். வழியில் கண்ட வீட்டில் எல்லாம் படத்தைக் காட்டினார். அவருக்கு இனிப்பு நீர் வியாதி. மூன்றாவது வாரம் குதிகாலில் கொப்புளம் உடைந்து புண்ணாகிவிட்டது. நான் அவர் காலை மடியில் வைத்து மருந்து போட்டுக்கொண்டிருந்தேன். புண் ஆழமாக இருந்தது. எனக்கு அதற்கு மேல் தாங்கவில்லை.

"புக்கிட் தீமாவுல இறங்கினா அத்தா. எதிர் வண்டிக்கு நிக்கும்போது. எங்கிட்ட சொல்லிட்டுத்தான் போனா."

அத்தா என்னை அடிக்கவில்லை. என் மடியிலிருந்து காலை எடுத்துக்கொண்டார். நான்கு நாள் என்னோடு பேசவில்லை. அடித்திருந்தால் ஆறியிருக்கும்.

ஐந்தாம் நாள் ஃபிளாஸ்க்கில் தே ஓ கோசோங் போடச் சொன்னார், சீனி இல்லாத வெறும் தே. இரண்டு கப் கேட்டார். சட்டைப் பையில் ஒரு சின்னப் பொட்டலம் சீனி வைத்துக்கொண்டார். அன்றிலிருந்து தினமும் காலையில் பஸ் ஏறிப் புக்கிட் தீமா ஸ்டேஷனுக்குப் போய் பிளாட்பாரத்தில் உட்கார்ந்துவிட்டு மதியம் திரும்புவார். நான் கப்புகளைக் கழுவுவேன். ஒன்று ஈரமாக இருக்கும். ஒன்று காய்ந்திருக்கும்.

ஒரு நாள் கடைக்கு லீவு சொல்லிவிட்டு அவருக்குத் தெரியாமல் பின்னால் போனேன். பட்டப்பகல். ஸ்டேஷன் ஜன்னல்களைப் பலகை வைத்து அடைத்திருந்தார்கள். லாலாங் புல் இடுப்பளவுக்கு நின்றது. ஞாபகத்துக்காகவோ என்னவோ ஒரு துண்டுத் தண்டவாளத்தை மட்டும் விட்டுவைத்திருந்தார்கள், அது எங்கிருந்தும் வராமல் எங்கேயும் போகாமல் கிடந்தது. பெயர்ப்பலகை அப்படியே இருந்தது. அத்தா பிளாட்பார விளிம்பில் உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் இரண்டாவது கப், நிரம்பியிருந்தது. அவர் அந்தப் பக்கம் திரும்பி ஏதோ பேசினார், நிறுத்தினார், தலையாட்டினார். அங்கே யாரும் இல்லை.

நான் பாலத்துக்கு அடியில் நின்றிருந்தேன். அப்போது எனக்குப் பின்னால் அந்த மூச்சு கேட்டது. பத்துப் பன்னிரண்டு பெருநாள் கேட்ட மூச்சு எனக்குத் தெரியாதா? உள்ளே இழுக்கும்போது மூக்கில் லேசாக அடைத்துக்கொள்ளும். திரும்பியிருக்கலாம். திரும்பினால் அவள் முகத்தைப் பார்க்க வேண்டும், பார்த்தால் பதில் சொல்ல வேண்டும். நான் திரும்பாமலே சாலைக்கு ஏறி, கண்ணில் பட்ட முதல் பஸ்ஸில் ஏறிவிட்டேன். அது எங்கே போகிற பஸ் என்றுகூடப் பார்க்கவில்லை.

அடுத்த பெருநாளன்று அத்தா தொழுத கையோடு நேராகப் புக்கிட் தீமாவுக்குப் போய்விட்டார். புதுச் சட்டை, அத்தர், ஃபிளாஸ்க். நான் மட்டும் வீட்டில் இருந்தேன். போன் அடித்தது. எடுத்தேன். மூச்சு. அதற்குப் பின்னால் யாரோ இருமினார்கள். மூன்று இருமல், பிறகு "யா அல்லாஹ்."

அத்தா அப்படித்தான் இருமுவார். உலகத்தில் வேறு யாரும் அப்படி இருமமாட்டார்கள்.

அவள் அவருக்கு அவ்வளவு பக்கத்தில் நின்றுகொண்டு என்னைக் கூப்பிட்டிருந்தாள். நான் வாயைத் திறந்தேன். காற்றுதான் வந்தது. கொஞ்ச நேரம் காத்திருந்துவிட்டு அவள் வைத்துவிட்டாள்.

அத்தா மதியம் வந்தார். ஃபிளாஸ்க்கை வாங்கித் திறந்தேன். இரண்டு கப்பும் ஈரம். ஒன்றின் அடியில் கரையாத சீனி, அதில் விரலால் வழித்த தடம்.

"வந்தாளா?"

"வந்தா."

"மன்னிப்புக் கேட்டீங்களா?"

"கேட்டேன்."

"என்ன சொன்னா?"

"சீனி போடச் சொன்னா."

சொல்லிவிட்டு அத்தா நாற்காலியில் உட்கார்ந்து இரண்டு கையாலும் முகத்தைப் பொத்திக்கொண்டார். பிறகு கொஞ்சம் கொஞ்சமாகச் சொன்னார். ஸ்டேஷனுக்குப் பின்னால் ஒரு தெருவில், வயதான சீனத் தம்பதி வீட்டில் சமையல் வேலை, அங்கேயே தங்கல். சமையல்கட்டு ஜன்னலைத் திறந்தால் தண்டவாளம். ஈப்போக்காரன் வேறு கல்யாணம் செய்துகொண்டது அவள் காதுக்கும் எட்டியிருக்கிறது. அன்றிலிருந்து அந்த ஜன்னலைப் பார்த்துக்கொண்டே இருந்திருக்கிறாள், இன்றைக்கு அத்தா வருவார், நாளைக்கு வருவார் என்று.

"என்னைப் பத்திக் கேட்டாளா?" என்றேன்.

"தங்கச்சி ஏன் சொல்லலன்னு கேட்டா."

"நீங்க என்ன சொன்னீங்க?"

"நான் அவகிட்ட கேக்கவே இல்லையேமா, கேட்டிருந்தா சொல்லியிருப்பான்னு சொன்னேன்." அவர் என்னைப் பார்க்காமல் சொன்னார். "ஆனா அவளுக்கு அது போதல. உன் வாயால கேக்கணும்ங்குறா. போன் வருமில்ல, அப்ப சொல்லு."

அப்போதுதான் எனக்கு அந்த போன்களின் அர்த்தம் விளங்கியது. சொல்லிவிட்டாயா, சொல்லிவிட்டாயா என்று அவள் வருஷம்தோறும் கேட்டிருக்கிறாள். அந்த இரும்பு வளையம் என் கையில் இருந்திருக்கிறது. நான் கொடுக்காமல் வைத்துக்கொண்டதால் அவள் இறங்கிய இடத்திலேயே நின்றுவிட்டாள்.

விளங்கியதும் உடனே சொல்லிவிட்டேன் என்றுதானே நினைக்கிறீர்கள்? இல்லை. எனக்குக் கோபம் வந்தது. பதினாறு வயதுப் பிள்ளையின் தலையில் அவ்வளவு பெரிய பாரத்தை ஏற்றிவிட்டுப் போனவள் அவள். அவளல்லவா என்னிடம் மன்னிப்புக் கேட்க வேண்டும்? அடுத்த பெருநாளும் அதற்கடுத்த பெருநாளும் போனை எடுத்து நானும் மூச்சு விட்டேன். அவளும் மூச்சு விட்டாள். ஒற்றைத் தண்டவாளத்தில் எதிரும் புதிருமாக இரண்டு வண்டிகள் நின்றன. அத்தா தினமும் ஃபிளாஸ்க்கோடு போய் வந்தார். சில நாள் கப்பில் சீனி இருக்கும், சில நாள் இருக்காது. "பிடிவாதத்துல ரெண்டு பேரும் உங்கம்மா" என்பார்.

நான்காம் வருஷம் அத்தா மவுத்தானார். வீடு கொள்ளாத கூட்டம். பெண்கள் வெள்ளைத் துப்பட்டியும் கறுப்புத் தலைத்துணியுமாக உள்ளறையில் யாசீன் ஓதிக்கொண்டிருந்தார்கள். யார் வந்தார்கள், யார் போனார்கள் என்று பார்க்கும் நிலையில் நான் இல்லை. எல்லோரும் போன பிறகு சமையல்கட்டுக்குப் போனேன். வந்தவர்கள் குடித்த கப்புகள் எல்லாம் தொட்டியில் கிடந்தன. ஒன்று மட்டும் தனியாக ஜன்னலோரத்தில் இருந்தது. அத்தா ஃபிளாஸ்க்கோடு கொண்டுபோகும் இரண்டாவது கப். அதன் அடியில் சீனி, அதில் விரல் தடம். கப் இன்னும் சூடாக இருந்தது. நான் வாசலுக்கு ஓடிப் பார்த்தேன். காரிடார் முழுக்க வெயில்தான் கிடந்தது.

அதற்குப் பிறகு வந்த போன்களில் பின்சத்தம் மாறத் தொடங்கியது. ஒரு வருஷம் பஸ்கள் நின்று நின்று போகும் சத்தமும், யாரோ தமிழில் மல்லிகைப்பூ விலை கேட்பதும் கேட்டது. சிராங்கூன் சாலை. இன்னொரு வருஷம் எஸ்கலேட்டரில் கைப்பிடியைப் பிடிக்கச் சொல்லும் அறிவிப்பு, எங்கள் எம்ஆர்டி ஸ்டேஷனில் நான் தினமும் கேட்பது. போன வருஷம் பிள்ளைகள் ஊஞ்சல் ஆடும் கிறீச். எங்கள் புளோக்குக்குக் கீழே ஒரே ஓர் ஊஞ்சல், அதற்கு எண்ணெய் போடச் சொல்லி நானே டவுன் கவுன்சிலுக்கு எழுதியிருக்கிறேன். ஒவ்வொரு தடவையும் எழுந்து ஜன்னலுக்குப் போயிருக்கலாம். ரிசீவரைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

புக்கிட் தீமா ஸ்டேஷனை இப்போது அழகாக்கிவிட்டார்கள். வெள்ளையடித்து, புல்வெளி போட்டு, பக்கத்தில் காப்பிக் கடை வைத்திருக்கிறார்கள். குழந்தைகள் அந்தத் துண்டுத் தண்டவாளத்தில் நடந்து பழகுகிறார்கள். இந்த வருஷம் நோன்பின்போது ஒரு நாள் போயிருந்தேன். அத்தா உட்கார்ந்த இடத்தில் உட்கார்ந்து பார்த்தேன். பின்தெருவில் அந்தச் சீனத் தம்பதியின் வீடு இருந்த இடத்தில் புது வீடு எழும்பிக்கொண்டிருந்தது. அப்படியானால் அக்கா இப்போது எங்கே இருக்கிறாள்? எனக்கு வயது நாற்பதைத் தாண்டிவிட்டது. அவளுக்கு ஐம்பதுக்கு மேல். இனி எத்தனை பெருநாள் இருக்கிறது என்று யாருக்குத் தெரியும்?

பெருநாள் காலை. இடியப்பமும் கறியும் எடுத்து வைத்தேன். ஏனென்று தெரியாமல் இரண்டு கப் தேத்தண்ணி ஆற்றினேன். போன் அடித்தது.

மூச்சு. மூக்கில் லேசாக அடைத்துக்கொள்ளும் அதே மூச்சு. அதற்குப் பின்னால் லிஃப்ட் கதவு திறக்கும் மணி. பிறகு, எதிர் வீட்டுச் சின்னப் பெண் புது வளையல் போதவில்லை என்று அழுகிற அழுகை. அந்த அழுகை போனிலும் கேட்டது, என் ஜன்னல் வழியாகவும் கேட்டது.

ரிசீவரை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டேன்.

"அக்கா" என்றேன். "நான்தான் சொல்லல. அவன் உன்னை விட்டது எனக்குத் தெரியும். தெரிஞ்சும் அத்தாகிட்ட சொல்லல. பயந்துட்டேன் அக்கா. பன்னிரண்டு வருஷம் உன்னை நான்தான் அங்க நிக்க வெச்சேன்."

அந்தப் பக்கம் மூச்சு நின்றது. இத்தனை வருஷத்தில் அது நின்று நான் கேட்டதே இல்லை.

ரிசீவரை ஒரு காதோடு வைத்தபடியே நான் கப்பில் மூன்று கரண்டி சீனியைப் போட்டேன். பாதி மேசையில் சிந்தியது. அப்போது வாசலில் என் இரும்பு கேட்டை யாரோ மெதுவாகத் தட்டினார்கள். அந்தச் சத்தம் என் இரண்டு காதிலும் கேட்டது.